சுவரும் சேர்ந்து பாடும்: ஊட்டி சர்ச்சுல கொயர் கேட்கிறது எப்படி?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாம முப்பது பேர் சேர்ந்து பாடினதை நீங்க கடைசியா எப்போ கேட்டீங்க?

யோசிச்சுப் பாருங்க. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, காலேஜ் கல்சுரல்ஸ், சபா கச்சேரி, எங்க போனாலும் நமக்குக் கேட்கிறது ஸ்பீக்கர்ல வர்ற சத்தம்தான். ஒரு தொண்டையில கிளம்பி, ஒரு சுவர்ல பட்டு, நேரா நம்ம காதுக்கு வர்ற குரல் இப்போ ரொம்ப அபூர்வம். டிசம்பர்ல ஊட்டி, குன்னூர் பக்கம் போறவங்களுக்கு அது கிடைக்க வாய்ப்பு இருக்கு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அங்க இருக்கிற சர்ச்சுகள்ல கேரல் சர்வீஸ் நடக்கும். நம்ம ஆளுங்க சர்ச் வாசல்ல செல்ஃபி எடுத்துட்டு, அப்படியே வர்க்கி வாங்கப் போயிடறாங்க.

இன்னைக்கு எபிசோட் அந்த சர்ச்சுகளோட சத்தத்தைப் பத்தி. மதத்தைப் பத்தி இல்ல, கட்டடத்தைப் பத்தி. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: ஒரு கொயருக்கு அது பாடற ஹாலும் ஒரு வாத்தியம். அந்த வாத்தியத்தை ரொம்ப சுலபமா உடைச்சிடலாம்.

திப்புவோட மரம்

ஊட்டியில மைசூர் ரோட்டுல இருக்கிற செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சை எடுத்துக்குவோம். 1829 ஏப்ரல் 23-ஆம் தேதி, இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் கொண்டாட்டத்தன்று, அன்றைய மெட்ராஸ் கவர்னர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். 1830 நவம்பர்ல பிரதிஷ்டை ஆச்சு. 1831 ஈஸ்டர்ல இருந்து மக்கள் வழிபாட்டுக்குத் திறந்தாங்க. உள்ளே இருக்கிற பெரிய மர உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட அரண்மனையில இருந்து பிரிச்சு எடுத்துட்டு வந்தது. சண்டையில ஜெயிச்சவங்க தோத்தவரோட வீட்டு மரத்துல கோயில் கட்டியிருக்காங்க. அந்தக் கதைக்கே தனி எபிசோட் போடலாம்.

நமக்கு இப்போ முக்கியம் அந்த உத்திரங்கள் சத்தத்தை என்ன பண்ணுதுங்கிறதுதான். காரை பூசின சுவர் சத்தத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். கனமான உத்திரம் வந்த சத்தத்தை நாலு பக்கமும் சிதறடிக்கும். அதனால ஒரே எதிரொலியா 'டங்'னு திரும்பி வராம, பல நூறு சின்னச் சின்ன எதிரொலியா கலந்து வரும். முப்பது பேரோட குரல் ஒரே குரலா ஒட்டிக்கிறது இப்படித்தான்.

மெத்தையைத் தூக்கிட்டுப் போன புரொபசர்

இந்த விஷயத்தை முதல்ல கணக்கா மாத்தினவர் வாலஸ் சபைன், அமெரிக்காவுல ஹார்வர்டு யுனிவர்சிட்டியில வேலை பார்த்த இளம் இயற்பியல் ஆசிரியர். 1895-ல் அவங்க யுனிவர்சிட்டியில புதுசா கட்டின ஒரு லெக்சர் ஹால்ல யார் பேசினாலும் ஒண்ணும் புரியல. ஒரு சத்தம் அடங்க அஞ்சரை விநாடி ஆச்சு. சபைன் பக்கத்து தியேட்டர்ல இருந்து சீட் மெத்தைகளை ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்து, ஒரு ஆர்கன் குழாயையும் ஸ்டாப்வாட்சையும் வெச்சு அளந்தார். மெத்தை கூடக்கூட, சத்தம் அடங்கற நேரம் குறைஞ்சுது.

அதுல இருந்து வந்த சூத்திரம் ரொம்ப சிம்பிள். ஹாலோட கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அந்த ஹால் எவ்வளவு சத்தத்தை உறிஞ்சுதோ அந்த அளவால வகுக்கணும். வர்றது எதிரொலி அடங்கற நேரம். நம்ம ஆளுங்க 'ரிவெர்ப்'னு சொல்றது இதைத்தான்.

ஒரு கற்பனை சர்ச்சை வெச்சுக் கணக்குப் போடுவோம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். கன அளவு 1600. காலியா இருக்கும்போது அது 130 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுதுன்னு வைங்க. ரிவெர்ப் கிட்டத்தட்ட 2 விநாடி. கொயருக்கு அருமையான நேரம். இப்போ 150 பேர் உள்ளே வந்து உட்கார்றாங்க. ஒரு ஆள் சுமார் அரை சதுர மீட்டர் உறிஞ்சுவார். ரிவெர்ப் 1.3 விநாடிக்குக் கீழே இறங்கிடும்.

அதாவது சாயங்காலம் காலி சர்ச்சுல ரிகர்சல் பண்ண கொயருக்கு, ராத்திரி கச்சேரியில வேற ஒரு ஹால் கிடைக்குது. அதுவும் ஊட்டியில மெட்ராஸ் மாதிரி காட்டன் சட்டை இல்ல. எல்லாரும் ஸ்வெட்டர், மப்ளர், சால்வை. கனமான கம்பளித் துணி இன்னும் அதிகமா உறிஞ்சும். நீங்க போட்டிருக்கிற ஸ்வெட்டரும் அன்னைக்குக் கச்சேரியில ஒரு பங்கு.

'பாடு'வும் 'பாட்டு'ம்

அப்படின்னா எதிரொலி எவ்வளவு கூடுதலா இருக்கோ அவ்வளவு நல்லதா? இல்ல. இங்கதான் தமிழுக்குன்னு ஒரு தனிப் பிரச்சனை வருது.

'பாடு', 'பாட்டு'. ரெண்டையும் மெதுவா சொல்லிப் பாருங்க. 'பாட்டு'ல 'ட்ட' வர்ற இடத்துல ஒரு கண நேரம் சத்தமே இல்ல. நாக்கு அடைச்சு நிக்குது. அந்த மௌனம்தான் 'பாட்டு'. எதிரொலி நீளமான கட்டடத்துல 'பா'வோட வால் வந்து அந்த மௌனத்தை நிரப்பிடும். பின்வரிசையில இருக்கிறவருக்குப் 'பாட்டு' 'பாடு' மாதிரிக் கேட்கும். தமிழ்ல 'க்க', 'த்த', 'ப்ப' எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

லத்தீன் மொழியில நீட்டி நீட்டிப் பாடற பழைய ஐரோப்பிய கொயர் பாட்டு பெரிய கல் கட்டடத்துல அழகா நிக்குது. டோலக்கோட துள்ளற தமிழ்க் கீர்த்தனையை அதே இடத்துல பாடினா கஞ்சியா குழைஞ்சு போகுது. பாட்டுல குறை இல்ல. அந்தப் பாட்டு கேட்கிற கட்டடம் வேற. நல்ல கொயர் மாஸ்டர் என்ன பண்ணுவார்? வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார். வல்லின ஒற்றுகளை வழக்கத்தைவிட அழுத்திப் பாடச் சொல்லுவார். ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு மூச்சு நேரம் விடச் சொல்லுவார்.

அதே காரணத்தால நீலகிரியில சின்ன எஸ்டேட் சர்ச்சுகளுக்குப் பெரிய பலம் இருக்கு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்ல நிறையப் பேர், 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். அந்தக் குடியிருப்புகள் பக்கம் இருக்கிற சின்ன ஆராதனைக் கூடத்துலயோ சமுதாயக் கூடத்துலயோ தமிழ்ப் பாட்டு ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேட்கும். ஒரே ஒரு எதிரி மழை. தகரக் கூரையில மழை இறங்கிட்டா எந்த கொயரும் ஜெயிக்க முடியாது.

குளிரும் மூச்சும்

சமவெளியில இருந்து மலைக்கு வர்ற கொயருக்கு இன்னும் ரெண்டு சோதனை இருக்கு.

முதல்ல குளிர். 20 டிகிரியில சத்தம் விநாடிக்கு 343 மீட்டர் போகும். 8 டிகிரியில சுமார் 336 மீட்டர்தான். இதனால பைப் ஆர்கன் மாதிரி காத்துல ஒலிக்கிற வாத்தியத்தோட சுருதி, அரைஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் இறங்கிடும். எலக்ட்ரானிக் கீபோர்டு இறங்காது. ரெண்டையும் சேர்த்து வாசிச்சா காது கூசும். வாத்தியமே இல்லாம பாடற கொயருக்கு இந்தக் கவலை இல்ல.

ரெண்டாவது மூச்சு. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலதான். மெட்ராஸ்ல ஒரே மூச்சுல பாடின வரி இங்க பாதியில திணறும். ஒரு நாள் முன்னாடியே மலை ஏறிடறது புத்திசாலித்தனம்.

மைக் வர்றதுக்கு முன்னாடி

இதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நாடக மேடையில எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாம கடைசி வரிசை வரைக்கும் பாடினவர். ஓதுவார் கருங்கல் மண்டபத்துல தேவாரம் பாடும்போது அந்தக் கல்லும் சேர்ந்துதான் பாடுது. நாதஸ்வரம் திறந்த வெளிக்குன்னே உருவான வாத்தியம். எந்த இடத்துக்கு எந்தச் சத்தம்னு நம்ம ஊர்ல நல்லாவே தெரிஞ்சிருந்தது.

சென்னையில 1893-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இன்னைக்கும் கொயர் கச்சேரி நடத்துது. எழும்பூர்லயே ரெண்டு கட்டடத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒண்ணு மியூசியம் தியேட்டர். அங்க வசனம் புரியறதுதான் முக்கியம். இன்னொண்ணு 1821-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க். வட்டமான கூடம், 16 தூண், மேல குவிமாடம். குவிஞ்ச கூரை சத்தத்தை லென்ஸ் மாதிரி ஒரு இடத்துல சேர்க்கும். ஒரு பெஞ்சுல உட்கார்ந்தா ஒரு மாதிரி, நாலு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தா வேற மாதிரிக் கேட்கும்.

எப்படி உடையுது?

பழைய சர்ச்சுல கூரை ஒழுகும். பெரியவங்களுக்குப் பிரசங்கம் சரியா கேட்காது. ரெண்டும் நியாயமான குறை. சர்ச் முதல்ல அங்க வழிபடற மக்களுக்குத்தான். பேச்சு புரியணும்னா ரிவெர்ப் சுமார் 1 விநாடி போதும். பாட்டுக்கு 2 வேணும். இழுபறியே இதுதான்.

இதுக்கு மலிவான தீர்வு ஃபால்ஸ் சீலிங், தரை முழுக்க கார்ப்பெட், பெரிய ஸ்பீக்கர். நம்ம கற்பனை சர்ச்சுலயே 8 மீட்டர் உயரத்தை 5 மீட்டராக்கி, சத்தம் உறிஞ்சற பலகை அடிச்சுப் பாருங்க. ஆள் நிறைஞ்சா ரிவெர்ப் அரை விநாடிக்குப் பக்கத்துல வந்து நிக்கும். அது ஒரு டியூஷன் சென்டர். அதுக்கப்புறம் கொயருக்கு மைக் இல்லாம முடியாது. மைக் வந்துட்டா, ஹால் எப்படி இருந்தா என்னன்னு யாரும் கேட்கப் போறதில்ல. நான் பாடிட்டு இருந்த ஒரு கொயர் இந்த மாதிரி புதுப்பிச்ச ஒரு ஹால்ல கச்சேரி பண்ணுச்சு. பக்கத்துல நிக்கிறவரோட குரலே எனக்குக் கேட்கல. முப்பது பேர் முப்பது தனிப்பாட்டு பாடிட்டு வந்தோம்.

இதுக்கு மாற்று வழி இருக்கு. பெஞ்சுக்குப் பக்கத்துல தூண்ல சின்ன ஸ்பீக்கர் வெச்சா, சத்தத்தை ஏத்தாமலே பிரசங்கம் புரியும். கனமான திரையும் மெத்தையும் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கலாம், கச்சேரி அன்னைக்குக் கழட்டிடலாம். ஓட்டையை அடைக்கிற அதே கையால கூரை உயரத்தையும் அடைச்சிடக் கூடாது, அவ்வளவுதான்.

போறவங்களுக்கு

கேரல் சர்வீஸ்னா அது வழிபாடு. உள்ளே போகலாமான்னு முன்னாடியே சர்ச்சுல கேட்டுக்குங்க. முதல் வரிசைக்கு ஓடாதீங்க. அங்க தனித்தனி ஆள்தான் கேட்பாங்க. நடுவுல, பாதி தூரம் தள்ளி உட்காருங்க. பின்னாடி பால்கனி இருந்தா அதுக்கு அடியில வேண்டாம், சத்தம் மங்கிடும். போன் உள்ளேயே இருக்கட்டும். போன் மைக்குல இது பதிவாகவும் ஆகாது. கச்சேரியா இருந்தா, கடைசி ஸ்வரம் முடிஞ்ச உடனே கைதட்டாதீங்க. அப்போ பாடகர்கள் நிறுத்தியிருப்பாங்க, கட்டடம் இன்னும் நிறுத்தியிருக்காது. அது முடிக்கட்டும்.

உங்க ஊர்ல இந்த மாதிரி மைக் இல்லாம பாடக்கூடிய ஹால், சர்ச், பள்ளிக்கூடக் கூடம் எதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. நடுவுல நின்னு ஒரு தடவை கைதட்டி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.