கற்கள் நம் பொறுப்பில்

மாமல்லபுரம் செல்லும் நம் குடும்பங்களுள், கடற்கரைச் சாலையிலிருந்து சற்றே விலகிக் கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் இறங்கிச் செபித்துச் செல்வோர் சிலரே. இவ்வாலயத்தை 1808ஆம் ஆண்டு எழுப்பியவர் ஜான் டி மான்டி. சென்னையில் வணிகம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய போர்த்துக்கீசியர். 1821இல் இறந்த அவர் இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். தம் உடைமைகளை மயிலை மறைமாவட்டத்திற்கு எழுதிவைத்தவரும் அவரே. ஆயினும் 'டிமான்டி காலனி' என்றவுடன் நம் இளைஞர்க்கு நினைவில் எழுவது 2015இல் வெளிவந்த பேய்ப்படம்! கொடையாளியை மறந்தோம்; பேயை நினைவில் வைத்தோம்.

இதே பாதையின் வடமுனையில் நிற்கிறது புனித தோமையார் மலை. உச்சியிலுள்ள ஆலயம் 1523இல் போர்த்துக்கீசியரால் கட்டப்பெற்றது. 1547இல் அங்கு மண்ணைத் தோண்டுகையில் கற்சிலுவையொன்று வெளிப்பட்டது. அதைச் சூழ்ந்துள்ள எழுத்துகள் பாரசீக நாட்டின் பழைய பகலவி மொழியில் அமைந்தவை. ஆகவே, நம் விசுவாசம் வாஸ்கோ ட காமாவின் கப்பலில் வந்திறங்கியது என்பார்க்கு, போர்த்துக்கீசியர்க்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அக்கல்லே தக்க மறுமொழி. மலையேறும் படிகளை அமைத்துத் தந்தவரோ பெத்ரோஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. அப்பழைய பாலம் இன்று இல்லை. அவர் பதித்த கல்வெட்டு மட்டும் சாலையோரம் நிற்கிறது. எவரோ ஒருவர் அதை உடைத்தெறியாமல் எடுத்து வைத்ததாலன்றோ நாம் அவர் பெயரை அறிகிறோம்?

மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தரின் கோட்டையும் கல்லறைகளும் உள்ளன. அவர்கள் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். எனினும் அவர்தம் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. நம் ஆலயத் தரையிலுள்ள கற்களுக்கோ பெரும்பாலும் அத்தகைய காவல் இல்லை. பங்கு மக்களும் பங்குத் தந்தையுமே காவல்.

இங்குதான் என் மனம் வருந்துகிறது. யூபிலி வந்தால் புதுப்பித்தல். புதுப்பித்தல் என்றால் பளபளக்கும் டைல்ஸ். அதன்கீழ் மறைவன நம் முன்னோர் பெயர்கள். வழுக்கும் தரைக்காக ஒரு நூற்றாண்டை மூடுவது பக்தியாகாது. கல்லை எடுத்தே ஆகவேண்டுமெனில் சுவரில் பதித்து வையுங்கள்.

குடும்பத்தோடு செல்வோர் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். பெயர், ஆண்டு, மொழி ஆகியவற்றை அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். தேய்ந்த எழுத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தல் ஆகாது; சுண்ணாம்பும் பூசவேண்டாம். கைவிளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்துகளும் நிழலால் துலங்கும். அவ்வொளியில் எடுத்த படத்தின் பிரதியொன்றைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.