இரு மாங்கனிகள், ஒரு புதுக்குடித்தனம்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்படாத சிவனடியார் குடும்பம் அரிது. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா, மாடிகளிலிருந்து இறைக்கப்படும் மாங்கனிகள், பிறகு அமுது படையல் என்று ஊர் முழுவதும் ஒரே கல்யாண வீடாகிவிடும். இறைக்கும் கனி ஒன்று கையில் கிட்டினால் மழலைச் செல்வம் வாய்க்கும் என்ற நம்பிக்கையோடு இளம் தம்பதியர் பலர் வீதியோரம் காத்து நிற்பார்கள்.

விழாவின் தொடக்கத்தில் பரமதத்தர் மாப்பிள்ளைக் கோலத்தில் பவனி வருகிறார். அவருடைய இல்லறம் பின்னர் என்ன ஆயிற்று என்பதை அந்தக் கூட்டத்தில் நினைத்துப் பார்ப்பவர் குறைவு. சேக்கிழார் பெருமான் அதை மறைக்கவில்லை. காரைக்காலம்மையார் புராணத்தில் பக்தியின் பெருமையைப் பாடிய அதே கையோடு, ஒரு புதுக்குடித்தனம் எப்படித் தொடங்கிற்று, எந்த இடத்தில் இடறிற்று, சுற்றத்தார் எப்போது வந்து நின்றனர் என்பதையும் அவர் வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் மணம் முடித்து வைத்திருக்கும் பெரியவர்கள் அந்த இடங்களில் சற்று நின்று படிக்க வேண்டும்.

காரைக்காலில் வணிகர் தலைவராக விளங்கியவர் தனதத்தர். அவருக்குப் புனிதவதியார் ஒரே மகள். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தருக்கு அவரை மணம் முடித்துக் கொடுத்தார். முறைப்படி பெண் நாகைக்குச் செல்ல வேண்டும். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, தம் மாளிகைக்கு அருகிலேயே இன்னொரு மாளிகை அமைத்து, வேண்டிய பொருளும் கொடுத்து, மருமகனைக் காரைக்காலிலேயே குடியிருத்தினார். பரமதத்தர் இதற்கு முகம் சுளித்ததாகப் புராணத்தில் இல்லை. வாணிகம் செழித்தது, மனைவியும் சிவனடியாரை உபசரித்து மனையறம் காத்தார். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத வீடு அது. இக்காலத்தில் மகளின் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே அடுக்குமாடியில் வீடு பார்த்துக் குடியேறும் பெற்றோருக்கு, தனதத்தரின் மனம் நன்றாகவே புரியும்.

ஒருநாள் பரமதத்தரைக் காண வந்தவர்கள் இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தனர். அவர் அவற்றை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பசித்து வந்த அடியார் ஒருவருக்கு, சோறு ஆகியிருந்தும் கறி ஆகாத நேரத்தில், அம்மையார் ஒரு கனியை வைத்து அமுது படைத்தார். நண்பகலில் கணவர் உண்ண வந்தார். எஞ்சிய கனியை உண்டார். சுவை மிகுந்திருந்ததால் மற்றொன்றையும் கேட்டார். “அடியாருக்கு இட்டுவிட்டேன்” என்ற ஒரு சொல் போதும், செய்தி அதோடு முடிந்திருக்கும். அந்தச் சொல்லைச் சொல்ல அம்மையாருக்கு நா எழவில்லை. எடுத்து வருபவர் போல உள்ளே சென்றார். செய்வதறியாது பெருமானை நினைந்தார். கையில் ஒரு கனி வந்தது.

அடியாருக்கு உணவிட்டது அறமே. மறைக்க வேண்டிய குற்றம் அதில் ஏதும் இல்லை. ஆயினும் மணமாகிச் சின்னாள் ஆன பெண்ணுக்குக் கணவன் ஆசையோடு கேட்கும் பொருளை “இல்லை” என்று சொல்லுவது எவ்வளவு கடினம் என்பது புகுந்த வீட்டில் கால் வைத்த ஒவ்வொரு பெண்ணும் அறிந்தது. பால் பொங்கி வழிந்ததையும், தாம்பாளம் கை தவறி விழுந்ததையும்கூடச் சொல்லத் தயங்கிய நாட்கள் எண்பது வயதுப் பாட்டிமாருக்கு இன்றும் நினைவிருக்கும்.

இறையருளால் வந்த கனியின் சுவை வேறாக இருந்தது. பரமதத்தர் வினவினார். இப்போது அம்மையார் உண்மையைச் சொன்னார். அவர் நம்பவில்லை, அப்படியாயின் இன்னொரு கனி வருவித்துக் காட்டு என்றார். வந்த கனியை அவர் கையில் வாங்கியதும் அது மறைந்தது. அங்கேதான் அந்த இல்லறம் முறிந்தது. மனைவியை மானுடப் பெண் அல்லள், தெய்வம் என்று எண்ணி அஞ்சிய பரமதத்தர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமே சொல்லவில்லை. ஒரே வீட்டில் தொடர்பற்று வாழ்ந்தார். பிறகு கடல் வாணிகம் செய்யப் போவதாகச் சொல்லி, சுற்றத்தார் அமைத்துக் கொடுத்த மரக்கலத்தில் ஏறிப் போய்விட்டார். பாண்டிநாட்டில் ஒரு நகரில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரிட்டார்.

அருகிலேயே தந்தையின் மாளிகை. மகள் வீட்டில் பேச்சு நின்றுபோனது அங்கே யாருக்கும் தெரியவில்லை. வீடு கொடுத்தார்கள், பொருள் கொடுத்தார்கள், மருமகன் கேட்டவுடன் கப்பலும் அமைத்துக் கொடுத்தார்கள். “நீங்கள் இருவரும் நலமாக இருக்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்டதாகப் புராணம் பேசவில்லை. செய்தி வெளிப்பட்ட பின் அதே சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிக் கணவன் இருக்கும் ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்த்தனர். பரமதத்தர் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அம்மையாரின் காலில் விழுந்தார். அம்மையார் அஞ்சி ஒதுங்கிச் சுற்றத்தார் பக்கம் போய் நின்றார். “மனைவியை ஏன் வணங்குகிறாய்?” என்று சுற்றத்தார் கேட்டது அப்போதுதான்.

அதன்பின் அம்மையார் தசைப்பொதி உதறிப் பேயுரு வேண்டியதும், கயிலையில் ஈசன் “அம்மையே” என அழைத்ததும், திருவாலங்காட்டில் ஆடும் திருவடிக்கீழ் அமர்ந்ததும் பெறற்கரிய பேறுகள். அவற்றை ஒரு குடும்பக் குறையின் விளைவாகச் சுருக்குவது பிழை. ஈசன் திருவுளம் அது. ஆனால் வீட்டுக்கு வீடு புனிதவதியார் பிறப்பதில்லை. நம் வீடுகளில் பேச்சு நின்றுபோனால் கயிலைக்கு வழி திறப்பதில்லை. வழக்கறிஞர் வீட்டுக்கு வழி திறக்கிறது.

திருமணமான முதல் ஆண்டு தம்பதியருக்கு எத்தகையது என்பதைப் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஆடி பிறந்தால் ஆடிச்சீர், பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போதல், ஐப்பசியில் தலைதீபாவளி, தையில் தலைப்பொங்கல், இடையில் இரு வீட்டுக் குலதெய்வ வழிபாடு. எல்லாம் அன்பின் பெயரால் ஏற்பட்டவை. அதே நிகழ்ச்சிகளில்தான் வேட்டியின் விலையும் மோதிரத்தின் எடையும் பேசப்படுகின்றன. வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சீர் என்ற சொல்லுக்குள் அது இன்னும் பல வீடுகளில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. சம்பந்திகள் ஒருவர்மேல் ஒருவர் கொள்ளும் மனத்தாங்கல் முழுவதும், இரவில் கதவு சாத்திய பின், அந்த இரு இளையவர்களுக்கு நடுவே வந்து படுத்துக்கொள்கிறது.

இதற்கு மேல் தொலைபேசி. தனதத்தர் அருகிலேயே வீடு கட்டித்தான் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று தாய் எந்த ஊரில் இருந்தாலும் மகளின் அடுக்களைக்குள் இருக்கிறாள். காலையில் என்ன சமையல், மாமியார் என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று இரவுவரை விசாரணை நடக்கிறது. மகனைப் பெற்றவளும் சளைத்தவள் அல்லள். அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே அவனைப் பிடித்துவிடுகிறாள். இவ்வளவு கேட்டும், கேட்க வேண்டியது மட்டும் கேட்கப்படுவதில்லை. சப்தபதியில் ஏழாம் அடி எடுத்து வைத்ததும் மணமகன் மணமகளைத் தோழி என்று அழைக்கும் மந்திரம் வருகிறது. மனைவி என்று அழைப்பதற்குச் சாட்சியாக ஊர் கூடி நிற்கிறது. தோழமைக்கு இருவருடைய தனிமையும் சில நாட்களும் வேண்டும்.

தில்லையில் ஒரு மூங்கில் கழி

பேச்சு நின்றுபோன இன்னொரு வீடு தில்லையில் இருந்தது. திருநீலகண்டக் குயவனார் அடியார்களுக்கு ஓடு செய்து கொடுக்கும் வேட்கோவர். இளமையில் ஒரு பரத்தையின் வீட்டுக்குச் சென்று திரும்பினார். குற்றம் முழுக்க அவருடையது. மனைவியார் ஊடினார். அவர் ஊடல் தீர்க்க நெருங்கியபோது, எம்மைத் தீண்டக் கூடாது என்று திருநீலகண்டத்தின்மீது ஆணையிட்டார். “எம்மை” என்று பன்மையில் சொன்னதால், மனைவியை மட்டுமன்றி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று கணவர் உறுதி பூண்டார். இருவரும் அதே சிறு வீட்டில், மற்றக் கடமைகள் ஒன்றும் குறையாமல், அயலார் அறியாதபடி முதுமைவரை வாழ்ந்தனர்.

சிவயோகியாக வந்த பெருமான் ஓர் ஓட்டைக் கொடுத்துவைத்து, அதை மறையச் செய்து, பின் வந்து கேட்டார். களவாடவில்லை என்று மகன் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். மகன் இல்லை என்றார் நாயனார். அப்படியானால் மனைவியின் கையைப் பிடித்து மூழ்கு என்றார். தில்லைவாழ் அந்தணர் அவையும் அவ்வாறே தீர்ப்பளித்தது. திருப்புலீச்சரத்துக் குளத்தில் இருவரும் ஒரு மூங்கில் கழியின் இரு முனைகளைப் பிடித்து இறங்கினர். யோகியார் விடவில்லை. அப்போதுதான் நாயனார், அத்தனை ஆண்டுகள் மூடி வைத்த செய்தியை, தம் பிழை உட்பட, ஊரார் முன் எடுத்துச் சொன்னார். மூழ்கி எழுந்தபோது இளமை திரும்பியிருந்தது. அத்தலம் இளமையாக்கினார் கோயில் என்றே வழங்குகிறது. ஆண்டுதோறும் தை விசாகத்தில் இந்நிகழ்ச்சி அங்கே விழாவாக நடைபெறுகிறது.

“மகன் இல்லை” என்று அவர் சொன்ன அந்த இடத்தில் நெஞ்சு கனக்கிறது. அந்த வீட்டில் ஏன் தொட்டில் ஆடவில்லை என்பது ஊருக்குத் தெரியாது. திருமணமாகி ஆறு மாதம் ஆகுமுன் “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கோயில் பிராகாரத்தில் நிறுத்திக் கேட்பவர்களுக்கும் தெரியாது. கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. விடை சொல்ல முடியாமல் சிரித்துவிட்டுப் போகும் பெண்ணுக்கு, அன்றைய தரிசனமே அதோடு போயிற்று.

ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். அடியும் உதையும், பணம் கேட்டு வதைத்தலும் நடக்கும் வீடு இந்தக் கணக்கில் சேராது. அங்கே ஒதுங்கி நிற்பது பெருந்தன்மை ஆகாது. பெற்றவர்கள் அன்றே புறப்பட்டுச் சென்று பெண்ணை அழைத்து வரவேண்டும். இங்கே பேசப்படுவது சொல்லாமல் விட்ட சொற்களாலும், பிறர் சொல்லிச் சொல்லி ஏற்றிய சொற்களாலும் கசந்துபோகும் மனையறம் பற்றியது.

திருவாரூரில் நள்ளிரவில்

பெரியவர்கள் குறுக்கே வந்தே ஆக வேண்டிய வேளையும் உண்டு. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த செய்தி பரவையாருக்கு எட்டிவிட்டது. திருவாரூர் திரும்பிய சுந்தரரின் ஏவலரை வீட்டு வாயிலிலேயே தடுத்துவிட்டார்கள். சுந்தரர் உலகியல் அறிந்த பெரியோரை அனுப்பினார். அவர்கள் நியாயங்களை எடுத்துரைத்தனர். இனியும் அவரைப் பற்றிப் பேசினால் உயிர் நீப்பேன் என்றார் பரவையார். பஞ்சாயத்து அதோடு கலைந்தது. புண்பட்டிருக்கும் பெண்ணிடம் நியாயம் பேசப் போனவர்களுக்கு வேறு விடை கிடைத்திராது.

பிறகு தியாகேசப் பெருமானே தூது சென்றார். கோயிலில் வழிபாடு செய்யும் அந்தணர் வடிவில் நள்ளிரவில் தெருவில் நடந்து பரவையார் வீட்டுக் கதவைத் தட்டினார். பரவையார் தம் வருத்தத்தைச் சொல்லி மறுத்தார். பெருமான் அவரைக் கடிந்து பேசவில்லை. ‘பெண்ணுக்குப் பொறுமை வேண்டும்’ என்று உபதேசம் செய்யவும் இல்லை. கேட்டுக்கொண்டார், திரும்பினார், மறுத்துவிட்டாள் என்பதைச் சுந்தரரிடம் அப்படியே சொன்னார். சுந்தரர் மீண்டும் வேண்டினார். பெருமான் மீண்டும் சென்றார். இம்முறை வேடமின்றித் தம் திருக்கோலத்தோடு சென்றார். பரவையார் நடுங்கி வணங்கி இசைந்தார்.

இதைக் கேட்டுச் சினந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். ஏயர்கோன் கலிக்காம நாயனார் சோழநாட்டின் ஏயர்குடித் தலைவர். ஒரு பெண்ணின் பொருட்டு ஆண்டவனையே தூது ஏவுவதா என்று அவர் உள்ளம் கொதித்தது. சுந்தரரைக் காணவும் மறுத்து நெடுநாள் பகைத்திருந்தார். அவரையும் சுந்தரரையும் பின்னர்ப் பெருமானே நண்பராக்கினார். தூது போன பெருமானுக்கு அந்த இரவில் இழிவு ஏதும் தோன்றவில்லை. மாலும் அயனும் தேடிக் காணாத அத்திருவடிகள், ஒரு வீட்டு ஊடலுக்காகத் திருவாரூர்த் தெருப்புழுதியில் இரண்டு முறை போய் வந்தன.