பட்டப்பெயரைப் பிள்ளை எங்கே கற்கிறது?

தீண்டாமை பெருங்குற்றம் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம் பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. வீடு திரும்பினால், துப்புரவுப் பணியாளரை நாம் சாதிப்பெயரால் குறிப்பிடுவதைக் கேட்கிறது. மறுநாள் வகுப்பில் பக்கத்து மாணவனை அப்பெயராலேயே அழைக்கிறது. ஆசிரியர் கண்டித்தால், “சிறுபிள்ளைதானே” என்று அவரிடமே வாதிடச் செல்கிறோம்!

சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் ஏளனத்தையும் பட்டப்பெயரையும் தடை செய்கிறது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்தபோது, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் அவரிடம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அத்தகைய தோழருக்கே அக்கண்டனம் என்றால் நாம் எம்மாத்திரம்?

பள்ளியிலிருந்து புகார் வந்தால், பிள்ளையின் கைபிடித்து அம்மாணவனின் வீட்டுக்குச் செல்லுங்கள். முதலில் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த ஜும்ஆ வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.