கல்லாவுக்குக் கணக்கு சொல்லும் க்ளிக்!

என்ஜினீயரிங் காலேஜில் கால் வைத்த மறுநாளே நமக்கு ஊரில் ரெண்டு போஸ்ட்டிங் ரெடி! ஒன்று, பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் போனில் நிரம்பி வழியும் 'குட்மார்னிங்' படங்களை அழித்துத் தருவது. இன்னொன்று, "தம்பி, கம்ப்யூட்டர்தானே படிக்கிறே... நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடேன்!" நாம் படிப்பது சிவிலாக இருந்தாலும் தப்ப முடியாது.

சரி, வெப்சைட் போட்டாச்சு. அப்புறம்? முதலாளி ஆன்லைன் விளம்பரத்துக்கு மாசம் அஞ்சாயிரம் எடுத்துவைப்பார். லைக் வரும், ஹார்ட் வரும், ஆர்டர் மட்டும் வராது. மூணாம் மாசம், "இதெல்லாம் நமக்கு சரிப்பட்டு வராது தம்பி" என்று கும்பிடு போட்டுவிடுவார். பதினஞ்சாயிரம் ரூபாய் ஒரு சின்னக் கடைக்குச் சாதாரணக் காசில்லை பாஸ். கொடுமை என்னவென்றால், அந்தக் காசு எங்கே கசிந்தது என்ற தடயம் வெப்சைட் கணக்கிலேயே கிடக்கும். யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்!

பார்ப்பதற்கு ரெண்டு இலவச டூல்கள் போதும். கூகுள் அனலிட்டிக்ஸ், கூகுள் சர்ச் கன்சோல். முதல் ஆளுக்கு ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக் உண்டு. அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த 'அர்ச்சின்' என்ற கம்பெனியை 2005-ல் கூகுள் வாங்கியது. அதே வருஷம் நவம்பரில் அதை இலவசமாகத் திறந்துவிட, ரிலீஸ் நாள் தியேட்டர் மாதிரி கூட்டம். தாங்க முடியாமல் ஒரே வாரத்தில் புதிய ஆட்களைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்தார்கள்! இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'ஜிஏ4' என்ற புது அவதாரம். பழசு 2023 ஜூலையோடு கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. அதனால் பழைய வீடியோ பாடங்களைப் பார்த்துவிட்டு, 'அந்த பட்டனைக் காணோமே' என்று முழிக்காதீர்கள்.

இனி ஒரு கற்பனை. கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கடை. (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்... எழுதும்போதே நாக்கில் வெல்லம்!) ஆன்லைனிலும் விற்கிறார்கள். முதலில் சர்ச் கன்சோலைத் திறப்போம். ஜனங்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடியபோது நம்ம கடை கூகுளில் தலைகாட்டியது, எத்தனை தடவை, எத்தனையாவது இடத்தில், அதில் எத்தனை பேர் க்ளிக்கினார்கள்... எல்லாம் 16 மாசத்துக்கு அங்கே இருக்கும். 'கருப்பட்டி கடலை மிட்டாய்' என்று தேடியவர்களுக்கு, முதல் பக்கத்திலேயே 400 தடவை நம்ம கடை தெரிந்தும் 3 பேர்தான் உள்ளே வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கருப்பட்டி மிட்டாய் இருக்கிறது. ஆனால், பக்கத்துக்குத் தலைப்பு 'எங்கள் தயாரிப்புகள்'! தேடுபவருக்கு எப்படித் தெரியும்? தலைப்பை மாற்றுவதற்கான செலவு, உங்களுக்கு ஒரு டீயும் பன்னும்.

அடுத்து அனலிட்டிக்ஸ். 'இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க?' என்பதுதான் எல்லா முதலாளிகளும் கேட்கும் முதல் கேள்வி. என்னைக் கேட்டால், அதைவிட உபயோகமானது வந்தவர்கள் எந்தப் படியில் இறங்கிப் போனார்கள் என்பது. மிட்டாய்ப் பக்கம், கூடை, கூரியர் சார்ஜ், பணம் கட்டும் இடம் என்று ஒவ்வொரு படியையும் எண்ணச் சொல்லி செட் பண்ண வேண்டும். கூடையில் போட்டவர்களில் பெரும்பாலோர் கூரியர் சார்ஜைப் பார்த்ததும் கழன்றுகொண்டால் விஷயம் புரிந்துவிடும். 100 ரூபாய் மிட்டாய்க்கு 80 ரூபாய் கூரியர் கேட்டால், நானும்தான் ஓடுவேன்! அந்த நேரத்தில் விளம்பரத்தை ஏற்றுவது, ஓட்டை வாளிக்கு மோட்டார் போடுகிற வேலை. கூரியர் செலவை முதல் பக்கத்திலேயே சொல்வது, ஒரு கிலோ காம்போ போடுவது என்று வாளியை அடைத்துவிட்டு அப்புறம் மோட்டாரைப் போடலாம்.

ஆனால், இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சித்தி வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்பில் அனுப்பிய லிங்க்கைத் தட்டி வருபவர்கள் பெரும்பாலும், 'டைரக்ட்' என்ற கணக்கில்தான் விழுவார்கள். 'தானாவே தேடி வர்றாங்களாக்கும்' என்று முதலாளி காலரைத் தூக்குவார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். மொபைல் நெட்டில் இருப்பவர் கோவில்பட்டியில் உட்கார்ந்திருந்தாலும், ரிப்போர்ட்டில் சென்னை என்று காட்டக்கூடும். இதையெல்லாம்விட, முதலாளியே தினமும் இருபது தடவை தன் சைட்டைத் திறந்து ரசிப்பாரே... அதுவும் கணக்கில் ஏறும்!

வாட்ஸ்அப் சிக்கலுக்கு மருந்து 'யூடிஎம்'. லிங்க்கின் வாலில் 'இது வாட்ஸ்அப்', 'இது மிட்டாய் பாக்கெட் மேலே ஒட்டின க்யூஆர்', 'இது பஸ் ஸ்டாண்ட் போஸ்டர்' என்று சீட்டு கட்டிவிடுவது. எந்த வழியில் ஆள் வந்தார், எந்த வழியில் ஆர்டர் வந்தது என்று பிரித்துவிடலாம். யூடிஎம்மில் இருக்கும் 'யூ', நம்ம பழைய அர்ச்சின்தான்!

இந்த இடத்தில் நம்ம பசங்க ஒருத்தர் கண்டிப்பாக, "மச்சான், ஏ-பி டெஸ்ட் பண்ணலாம்டா!" என்பார். பாதிப் பேருக்கு ஒரு டிசைன், மீதிப் பேருக்கு வேறு டிசைன் காட்டி ஜெயித்ததை வைத்துக்கொள்ளும் டெக்னிக். இதில் செம ஃபேமஸ், ஒபாமா டீம் 2007 டிசம்பரில் செய்தது. படம், வீடியோ, பட்டன் எல்லாம் மாற்றி மாற்றி 24 கூட்டணிகள். டீமுக்குப் பிடித்தது வீடியோ. ஜெயித்ததோ ஒபாமாவின் குடும்பப் படமும் 'லேர்ன் மோர்' பட்டனும்! பெயர் பதிபவர்கள் 8.26 சதவிகிதத்திலிருந்து 11.6-க்குத் தாவினார்கள். சூப்பர்தான்... ஆனால், அந்த டெஸ்ட்டில் வந்துபோனவர்கள் மூணு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு கூட்டணியையும் பார்த்தவர்களே சுமார் 13,000 பேர்!

நம்ம மிட்டாய்க் கடைக்கு மாசம் 300 பேர் வந்தால் பெரிய விஷயம். சிவப்பு பட்டனில் 2 ஆர்டர், பச்சை பட்டனில் 4 ஆர்டர் வந்தால், 'டபுள் மாமு' என்று குதிக்க முடியாது. ரெண்டு அத்தைமார் தீபாவளிக்கு வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்! இவ்வளவு சின்னக் கடைக்கு என் சாய்ஸ், டெஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, போன மாசம் ஆர்டர் போட்ட பத்து பேருக்கு போன் அடிப்பது. எந்த இடத்தில் ஆள் கழன்றார் என்று அனலிட்டிக்ஸ் காட்டும். ஏன் என்பதை அந்த ஆள்தான் சொல்வார். "ஜிபே வேலை செய்யலை தம்பி" என்ற ஒரே பதிலில் மொத்தக் கதையும் முடிந்துவிடலாம்.

கடைசியாக, ஆர்வத்தில் நாம் செய்யும் ஒரு காரியம் பற்றி. கடைக்கான அனலிட்டிக்ஸ் அக்கவுன்ட்டை நம்ம ஜிமெயிலில் ஆரம்பித்துவிடுவோம். ரெண்டு வருஷத்தில் பெங்களூரில் வேலை கிடைத்து பஸ் ஏறியதும், பாஸ்வேர்டும் கூடவே ஏறிவிடும். பாவம், முதலாளி தன் கடைக் கணக்கைப் பார்க்க நமக்கு போன் போட்டுக்கொண்டே இருப்பார். அதனால், அவர் மெயிலிலேயே அக்கவுன்ட்டைத் திறந்து, ஓனராக அவரை உட்கார வைத்துவிடுங்கள். நமக்குப் பார்க்க மட்டும் அனுமதி இருந்தால் போதும். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முதல் நாளே இதை முடித்துவிட்டால், கூலியாக அரைக் கிலோ மிட்டாயாவது தேறும்!