வீட்டு அச்சுப்பொறி: விலையும் செலவும்

கோபுரம் கட்டப் புகுவோர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் போதிக்கின்றார். பிள்ளைகளின் படிப்புக்காக அச்சுப்பொறி வாங்க எண்ணும் பெற்றோருக்கும் இப்போதனை பொருந்தும். பொறி மலிவாகக் கிடைத்தாலும், மைச்செலவு குடும்பத்தின் கையிருப்பைக் கரைத்துவிடக்கூடும்.

கணக்கு எளிது. மையின் விலையை, அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, ரூ.800 விலையுள்ள கார்ட்ரிட்ஜ் 200 பக்கம் தருமாயின், பக்கத்துக்கு 4 ரூபாய். ரூ.500 விலையுள்ள மைப்புட்டி 4,000 பக்கம் தருமாயின், பன்னிரண்டரைக் காசு. மைத்தொட்டிப் பொறியின் விலை ரூ.7,750 கூடுதலாயினும், 2,000 பக்கங்களில் அது ஈடாகிவிடும். மாதம் 100 பக்கம் அச்சிடும் வீட்டுக்கு இதற்கு 20 மாதம் போதும். 10 பக்கமே அச்சிடும் வீட்டுக்கோ பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும்!

மேலும், நெடுநாள் பயன்படுத்தாத பொறியில் மை உலர்ந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். அதைத் துப்புரவு செய்வதற்கும் மையே செலவாகும். ஆதலால், எப்போதாவது கறுப்பு எழுத்துகளை மட்டும் அச்சிடுவோருக்கு, உலராத டோனர் தூளால் இயங்கும் லேசர் பொறி நலம். மாதம் சில தாள்களே தேவையெனில், கடையில் அச்சிட்டுக்கொள்வதே சிக்கனம்.

அண்டை வீட்டார் வாங்கியதைப் பாராது, நம் இல்லத்தின் தேவையை எண்ணி வாங்குவோம். மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் நூல்களுக்கு உதவட்டும்.