ஜப்பான் படம் மெட்ராஸுக்கு வந்த கதை



போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு சண்டை. "விருது வாங்கற படம் எல்லாம் அழுவாச்சிப் படம். ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அப்புறம் எதுக்கு விருது?" என்று ஒருவன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழய்யாவிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1950-ல் ஜப்பானில் 'ராஷோமோன்' என்ற படம் வந்தது. இயக்கியவர் அகிரா குரோசவா. காட்டில் ஒரு வீரன் செத்துக் கிடக்கிறான். நடந்ததை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்று நாம்தான் யோசிக்க வேண்டும். படம் எடுத்த கம்பெனி முதலாளிக்கே அது பிடிக்கவில்லையாம்! ஜப்பானில் இருந்த ஓர் இத்தாலிய ஆசிரியைதான் அதை வெனிஸ் விழாவுக்குச் சிபாரிசு செய்தார். படம் போட்டிக்குப் போனதே குரோசவாவுக்குத் தெரியாது. 1951-ல் அதற்குத் 'தங்கச் சிங்கம்' விருது கிடைத்தது. 1952-ல் ஆஸ்காரின் கௌரவ விருதும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் உலகம் ஜப்பான் படங்களைத் திரும்பிப் பார்த்தது.

நம் பெரியபாளையத்துக்கு ஆடி மாசம் எத்தனை ஊர் ஜனங்க வராங்க! பவானி அம்மன் பேர் வெளியூருக்குப் போனதால்தானே? விருதும் அப்படித்தான். படத்தின் பேரை வெளியூருக்குக் கொண்டு போகிறது.

அப்படித்தான் அந்தப் படம் நம் நாட்டுக்கும் வந்தது. திரைப்பட விழாவில் அதைப் பார்த்த வீணை வித்வான் எஸ். பாலசந்தர், 1954-ல் 'அந்த நாள்' எடுத்தார். சிவாஜி நடித்த ஏ.வி.எம். படம். ஒரு கொலை, ஆளுக்கொரு கதை. பாட்டே கிடையாது! இதில் ஓர் ஆச்சரியம். கதை நடப்பது 1943-ல், மெட்ராஸில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில். குண்டு போட்ட நாட்டிலிருந்தே பிறகு ஒரு நல்ல யோசனையும் வந்திருக்கிறது பாருங்கள்.

விருது இல்லாமலும் படம் கடல் தாண்டும். ரஜினியின் 'முத்து' 1998-ல் ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. ஆனால் பெரிய நடிகர் இல்லாத படத்துக்கு யார் துணை? விருதுதான்.

2021-ல் பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் 'புலி விருது' வாங்கியது. அவர் சின்ன வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அவர் சகோதரி, குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்தாராம். அதிலிருந்து பிறந்த கதை இது. படத்தில் குடிகார அப்பாவும் பையனும் வெயிலில் நடக்கிறார்கள். நம் நாட்டின் சார்பில் ஆஸ்கார் போட்டிக்கும் போனது.

விருது என்று கேள்விப்பட்டுத்தான் மாமா போனில் அதைப் பார்த்தோம். பாதியில் எனக்குத் தூக்கம் வந்தது உண்மை. அம்மா கண் எடுக்காமல் பார்த்தாங்க. முடிந்ததும், "நானும் ஒரு தடவை உன்னை இடுப்பில வெச்சிக்கிட்டு இப்படி நடந்து வந்திருக்கேன்" என்றாங்க. இத்தனை வருஷமாக அதை என்னிடம் சொன்னதே இல்லை. அன்று ராத்திரி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ரோட்டர்டாமில் கொடுத்த விருது எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கிறது. என் வகுப்புத் தோழனுக்கு இதுதான் என் பதில்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி