கிட்னி பூட்டுக்கு இரண்டு சாவி!

எலும்புக்கும் கிட்னிக்கும் என்னங்க சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது!

பால், முட்டை, கறி, பருப்பு... எதைச் சாப்பிட்டாலும் கூடவே பாஸ்பேட்டும் உள்ளே போகிறது. உடம்புக்குத் தேவையான சத்துதான். ஆனால், மிஞ்சினால் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்துவிடும். மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது கிட்னியின் வேலை.

'பாஸ்பேட் ஏறுது, வெளியே தள்ளு' என்று கிட்னிக்குச் சொல்லி அனுப்புவது யார் தெரியுமா? எலும்பு! எலும்பு செல்கள் எஃப்.ஜி.எஃப்.23 என்ற புரதத்தைச் சுரந்து ரத்தத்தில் அனுப்புகின்றன. கிட்னி செல்லின் மேலே 'ரிசப்டர்' என்ற பூட்டு. பேங்க் லாக்கர் மாதிரி இதற்கு இரண்டு சாவி வேண்டும். உங்கள் சாவியை மட்டும் போட்டால் லாக்கர் திறக்குமா? பேங்க்காரர் சாவியும் வேண்டுமே! அந்த இரண்டாவது சாவிதான் 'குளோத்தோ' என்ற புரதம். ஜப்பான் விஞ்ஞானி மகோடோ குரோ-ஓ குழுவினர் 1997-ல் இதைப் பற்றி அறிவித்தார்கள். இது இல்லாத சுண்டெலிகள் சீக்கிரமே கிழடு தட்டிப்போயின!

கிட்னி பழுதாகும்போது ஆரம்பத்திலேயே குளோத்தோ குறைந்துவிடுகிறது. எலும்பு விடுமா? எஃப்.ஜி.எஃப்.23-ஐ அதிகமாக அனுப்பிச் சமாளிக்கிறது. அதனால் ரத்தத்தில் பாஸ்பேட் ரொம்ப நாள் நார்மலாகவே இருக்கும். வலியும் தெரியாது. ஆனால், உள்ளே பழுது வளர்ந்துகொண்டே போகும்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ, பி.பி.யோ இருக்கிறதா? அவற்றைக் கட்டுக்குள் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை விழுங்காதீர்கள்.

குளோத்தோ மருந்துக்கடையில் கிடைக்காதுங்க. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்!